அணையாத ஏர்பேக் விளக்கு

காரில் இருக்கிற எதையும் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்துவிடலாம். பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம், ஹாரனை அடித்துப் பார்க்கலாம், வைப்பரை ஓட்டிப் பார்க்கலாம். ஏர்பேக்கை மட்டும் அப்படிப் பார்க்க வழியில்லை. ஒருமுறை வெடித்துவிட்டால் பை போச்சு, அதை மூடியிருந்த ஸ்டீயரிங் மூடியும் போச்சு. மாற்றுகிற செலவைக் கேட்டால் பழைய சின்ன கார் வைத்திருப்பவர் காரையே விற்றுவிடலாமா என்று யோசிப்பார். அப்படியிருக்க, உள்ளே மடித்து வைத்த பை ஆபத்து நேரத்தில் விரியும் என்பதற்கு ஓட்டுகிறவரிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? மீட்டர் போர்டில் ஒரு விளக்கு. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளும், அவர் முன்னால் ஒரு வட்டமும் வரைந்த சின்னப் படம். சாவி போட்டதும் அது எரிய வேண்டும். சில நொடிகளில் அணைய வேண்டும். அத்தாட்சி அவ்வளவுதான்.

சென்னையில் பாடி பக்கம் கார் வயரிங் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, வண்டி நல்லாத்தானே ஓடுது, இந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த விளக்கு எங்கிருந்து வந்தது, எதற்காக வைத்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பையின் கதை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நியூபோர்ட் என்ற ஊரில் தொடங்குகிறது. ஜான் ஹெட்ரிக் என்பவர் ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பொறியாளர். 1952-ல் மனைவி, மகளோடு காரில் போகும்போது சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்க வண்டியை ஒடித்தார். வண்டி பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் கணவனும் மனைவியும் யோசிக்காமல் நடுவில் இருந்த குழந்தையின் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்கள். கையால் செய்ததை வண்டியே செய்தால் என்ன என்று அன்றிரவே அவர் வரையத் தொடங்கினார். போர்க்காலத்தில் கடற்படையில் டார்பிடோ பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர் அவர். அடைத்து வைத்த காற்று திடீரென்று வெளியேறி டார்பிடோவின் கான்வாஸ் உறையைக் கூரை வரை தூக்கியடித்ததைப் பார்த்திருந்தார். அந்த நினைவுதான் அவருக்கு வழி காட்டியது. 1953 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் அதே காலத்தில் தனியாக இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஹெட்ரிக் கார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் பை காருக்குள் வந்தது. அவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை.

காற்றை அடைத்து வைத்து ஊதுவது போதாது என்று பிறகு தெரிந்தது. மோதலில் மனிதர் முன்னால் சாய்வதற்குள், நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், பை விரிந்தாக வேண்டும். அதனால் சோடியம் அசைடு என்ற ரசாயனத்தை மின்பொறியால் பற்றவைத்து நைட்ரஜனை உண்டாக்கும் முறை வந்தது. மோதலை உணர்வதற்கு 1960-களின் கடைசியில் ஆலன் ப்ரீட் என்பவர் ஒரு சென்சார் செய்தார். சின்னக் குழாய்க்குள் ஓர் இரும்புக் குண்டு, அதைப் பிடித்து வைக்க ஒரு காந்தம். வண்டி வேகமாக மோதினால் குண்டு காந்தத்தை விட்டு உருண்டுபோய் இரண்டு முனைகளைத் தொடும், மின்சுற்று மூடும். எத்தனை எளிய வேலை! எலக்ட்ரீஷியனாக எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பாகம் அந்தக் குண்டுதான்.

பொதுமக்களுக்கு விற்ற முதல் ஏர்பேக் கார், ஜெனரல் மோட்டார்ஸின் 1973 ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ. 1974 முதல் 1976 வரை தன் பெரிய கார்களில் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி வைத்தது. விற்றது சுமார் 10,000 கார்கள்தான். கேட்பாரில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 1980-ன் கடைசியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் மூலம் ஏர்பேக் திரும்பி வந்தது. அமெரிக்காவில் அரசும் கம்பெனிகளும் வழக்காடி, 1983-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1998 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் கட்டாயமானது.

இந்த வரலாற்றில் விளக்கு எங்கே வருகிறது என்றால், சட்டத்திலேயே வருகிறது. அமெரிக்காவின் 208-ஆம் எண் பாதுகாப்பு விதி, பை இருந்தால் அது தயாராக இருக்கிறதா என்று காட்டும் விளக்கும் இருக்க வேண்டும், அது ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. போட்டுப் பார்க்க முடியாத ஒரு சாமானை மக்கள் நம்ப வேண்டுமானால் அது தன்னைத் தானே சோதித்து, தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விளக்கை வைத்தவர்களின் எண்ணம் அதுதான்.

அந்தச் சோதனை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். பையைப் பற்றவைக்கும் பொறிக்கு ஸ்க்விப் என்று பெயர். மெல்லிய கம்பி; மின்தடை சுமார் 2 ஓம். கியர் லீவருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கும் கண்ட்ரோல் யூனிட், பொறி பற்றாத அளவுக்கு மிகச் சின்ன மின்சாரத்தை அதன் வழியாக விட்டு அளந்துகொண்டே இருக்கும். 2 ஓம் அருகில் இருந்தால் சரி. மிக அதிகமாகக் காட்டினால் எங்கோ கம்பி விட்டிருக்கிறது. மிகக் குறைந்தால் எங்கோ ஷார்ட். இரண்டில் எது நடந்தாலும் விளக்கைப் போடும், எரர் கோடைத் தன் நினைவில் எழுதிவைக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான கார்களில் அந்த எழுத்து அழியாது. "பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டிட்டேன், லைட் போகலை" என்று வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

எங்கள் தொழிலை இது எப்படிப் புரட்டிப்போட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை கற்ற காலத்தில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான் கடைக்கு வரும். அப்புறம் மாருதி 800. டைனமோ, கட் அவுட், செல்ஃப் மோட்டார், எல்லாம் பிரித்துப் பார்க்கக்கூடிய சாமான்கள். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியிலேயே இருந்ததால் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு டைனமோவும் ஆல்டர்னேட்டரும் சின்ன வயசிலிருந்தே பழக்கம். மேஸ்திரி எங்களுக்குக் கொடுத்த ஒரே கருவி டெஸ்ட் லாம்ப். இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு வயர். ஒன்றின் முனையில் எர்த் கிளிப், இன்னொன்றில் ஊசி. வயரின் மேல்தோலில் ஊசியைக் குத்தினால் பல்பு எரிகிறதா இல்லையா என்பதிலேயே வண்டியின் முழு வியாதியும் தெரிந்துவிடும். அந்தக் கருவியை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சோறு சாப்பிட்டார்கள்.

அதே கருவி ஏர்பேக் வயரில் உயிரை வாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 21 வாட் பல்பு 12 வோல்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஸ்க்விப் பற்றிக்கொள்ள சுமார் 1.2 ஆம்பியர் போதும், அதுவும் நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்கு. ஸ்டீயரிங்குக்கு முகத்தைக் கொடுத்துக் குனிந்தபடி ஒருவர் அந்த வயரில் ஊசி குத்தினால் என்ன ஆகும்? அதனால்தான் கம்பெனிகள் ஏர்பேக் வயரையும் கப்ளரையும் மஞ்சள் நிறத்தில் போட்டன. மஞ்சள் என்றால் ஊசி கூடாது, பல்பு கூடாது, மல்டிமீட்டரைக்கூட பையின் முனையில் வைக்கக் கூடாது என்று சர்வீஸ் புத்தகங்கள் எழுதின. மேஸ்திரியிடம் கற்ற கையை அடக்கிக்கொள்ள எங்கள் தலைமுறைக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகும் காத்திருக்க வேண்டும் என்பதும் புதுப் பாடம். மோதலில் பேட்டரி வயர் அறுந்தாலும் பை வெடிக்க வேண்டுமே என்று யூனிட்டுக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் சேமித்து வைத்திருக்கிறார்கள். டொயோட்டா 90 நொடி காத்திருக்கச் சொல்லும். சில கம்பெனிகள் அதற்கும் மேல். எந்தக் காரானாலும் நான் கழற்றி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

ஸ்கேனர் வருவதற்கு முன் சில கார்களில் விளக்கே பேசியது. பழைய டொயோட்டாக்களில் டயக்னாஸ்டிக் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து சாவி போட்டால் ஏர்பேக் விளக்கு மின்னத் தொடங்கும். ஒருமுறை மின்னி, இடைவெளி விட்டு, நான்குமுறை மின்னினால் கோடு 14: ஓட்டுநர் பக்கத்து ஸ்க்விப் சுற்று விட்டிருக்கிறது. காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவோம். எனக்கு அந்த முறையில் ஒரு தனி மரியாதை உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரரும் பக்கத்தில் நின்று எண்ணலாம். மெக்கானிக் சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ப்ளூடூத் ரீடரை வாங்கி மாட்டிவிட்டு, "கோடு ஒண்ணும் இல்லைன்னு காட்டுதே, லைட் ஏன் எரியுது?" என்று கேட்கிறார்கள். இதற்கும் வரலாற்றில்தான் பதில். அந்த ரீடரை மாட்டுகிற சாக்கெட்டை 1996 முதல் அமெரிக்கா எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கியது புகை மாசுக்காக. நம் நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு வந்தது அதே காரணத்தால்தான். P என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இன்ஜின் கோடுகளை எல்லா ரீடரும் படித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏர்பேக் கோடுகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அவற்றை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் வைத்திருக்கிறது. எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக் அமைப்பு) படிக்கும் என்று தெளிவாகச் சொல்லி விற்கிற ஸ்கேனர் வேண்டும், உங்கள் கம்பெனி கார் அதன் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஸ்கேனர் இல்லாமல் வீட்டில் என்ன பார்க்கலாம்? முதலில் பேட்டரி. வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இறங்கிப்போன பேட்டரியோடு செல்ஃப் அடித்தால் யூனிட்டுக்கு மின்சாரம் தடுமாறி விளக்கு எரியலாம். அடுத்தது முன்சீட்டின் அடிப்பக்கம். பெல்ட் பக்கிள், சில கார்களில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சாதனம், சீட்டின் விலாவில் பை இருந்தால் அது, எல்லாவற்றின் வயரும் அங்கேதான் வருகிறது. சாமான் எடுக்கச் சீட்டை முன்னும் பின்னும் தள்ளுகிறோம், வாக்குவம் போடுகிறோம், குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கிறது, மழைக்காலத்தில் எலி குடியேறுகிறது. சாவியை எடுத்துவிட்டு டார்ச் அடித்து, மஞ்சள் கப்ளர் பாதி கழன்றிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, வயர் சீட் ரெயிலில் நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கண் போதும், கை வேண்டாம். சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். என் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது ஹாரன். ஒரு பள்ளி ஆசிரியர், பழைய செடான் வைத்திருப்பவர், வேறெங்கோ விளக்கை இரண்டு தடவை ஸ்கேனரில் அழித்துக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அழித்தால் சில நாள் இருக்கும், திரும்ப எரியும். "சார், ஹாரன் ஒழுங்கா அடிக்குதா?" என்று கேட்டேன். "இடது பக்கம் முழுசா ஒடிச்சா அடிக்காது. அது வேற கம்ப்ளெய்ண்ட்னு விட்டுட்டேன்" என்றார். அது வேறு கம்ப்ளெய்ண்ட் இல்லை, இதுவேதான்.

ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இருக்கிற பைக்கும் ஹாரனுக்கும் ஆடியோ பட்டனுக்கும் வயர் போக வேண்டும். சாதாரண வயர் போட்டால் முறுக்கி அறுந்துவிடும். பழைய கார்களில் ஹாரனுக்கு ஒரு பித்தளை வளையமும் அதை உரசும் முனையும் இருந்தன. உரசும் தொடர்பில் ஹாரன் ஒரு நொடி விட்டுப்போனால் பரவாயில்லை. ஏர்பேக்குக்கு அந்த ஒரு நொடிதான் எல்லாம். அதனால் கிளாக் ஸ்பிரிங் வந்தது. உள்ளங்கை அகலக் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா. பிரித்தால், பிளாஸ்டிக் தோலுக்குள் செப்புக் கீற்றுகள் ஓடும் தட்டையான ரிப்பன், கைக்கடிகாரத்து ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். அந்த ஆசிரியரின் காரில் கழற்றியதை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். ரிப்பன் மடங்குகிற இடத்தில் தோல் வெளுத்து, ஒரு கீற்று மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. நேராக ஓட்டும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். முழுசாக ஒடித்தால் பிரியும். ஸ்கேனர் பார்த்தபோது தொட்டுக்கொண்டிருந்திருக்கும், கோடை அழித்து அனுப்பியிருப்பார்கள்.

புதிய கிளாக் ஸ்பிரிங்கை மாட்டும்போது நடுவில் வைப்பதுதான் முக்கியம். முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும். டப்பாவை ஒரு கோடி வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறுகோடி வரை மொத்தச் சுற்றை எண்ணி, பாதி திரும்பி வந்து, மேலே இருக்கும் குறிகளைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் முழு ஒடிப்பிலேயே ரிப்பன் அறுந்துவிடும். இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பையைக் கழற்றாமல் கிளாக் ஸ்பிரிங்கைத் தொட முடியாது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் எங்கள் தொழிலில் ஒரு தனி அத்தியாயம். தரையில் உட்கார்ந்திருக்கும் யூனிட்டுக்குள் தண்ணீர் இறங்கிய கார்கள் மாதக்கணக்கில் வந்தன. இன்ஜினைச் சரிசெய்து, சீட்டைக் காயவைத்து, வாசனை போட்டு விற்றுவிட்டார்கள். ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவில்லை. யூனிட்டைப் பிரித்தால் போர்டில் சேறும் பச்சையும். அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவுக்குப் பயந்த சில இடங்களில் ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சாவி போட்டால் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையும். வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு வழி, வெடித்துப்போன பையின் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி மேலே மூடியை ஒட்டிவிடுவது. யூனிட் அளக்கும், 2 ஓம் கிடைக்கும், விளக்கு அணைந்துவிடும். கோளாறைத் தேடும்போது நாங்களும் அதே ரெசிஸ்டரைப் பையின் இடத்தில் தற்காலிகமாக வைத்துத்தான் பார்க்கிறோம். அது முறையான சோதனை. அதை அப்படியே விட்டு மூடுவது கொலைக்குச் சமம். அமெரிக்காவிலும் போலிப் பைகள் பழுதுபார்க்கும் கடைகளுக்குள் நுழைந்ததால், 2012 அக்டோபரில் அரசே மக்களை எச்சரித்தது.

விளக்குக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அது மின்சுற்றைத்தான் பார்க்கிறது, மருந்தைப் பார்ப்பதில்லை. டகாடா என்ற ஜப்பான் கம்பெனி அம்மோனியம் நைட்ரேட் போட்டுச் செய்த இன்ஃப்ளேட்டர்கள், வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டு மருந்து கெட்டு, வெடிக்கும்போது இரும்பு உறையையே சிதறடித்து ஆட்களைக் கொன்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெறும் உத்தரவு. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலானது. அந்தக் கார்களில் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்துகொண்டுதான் இருந்தது. வெயிலும் கடற்காற்றும் சேர்ந்த நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டே ஆக வேண்டும். மாற்றித் தருவது இலவசம்.

நம் நாட்டுச் சின்னக் கார்களுக்கு ஏர்பேக் வந்த கதை மிகச் சமீபத்தியது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே அதிகம் விற்கிற கார்களின் பை இல்லாத மாடல்களை மோதவிட்டுப் பார்த்தபோது அத்தனையும் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குப் பை கட்டாயம். பக்கத்து இருக்கைக்கு, புது மாடல்களில் 2021 ஏப்ரலிலும், பழைய மாடல்களில் அந்த வருஷக் கடைசியிலும் கட்டாயமானது. அந்தக் கார்கள் இப்போது இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் மாறத் தொடங்கியிருக்கின்றன. வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

முதலில் சாவி மட்டும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காத்திருப்பேன். ஏர்பேக் விளக்கு தானாக அணைய வேண்டும். ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் சேர்ந்தே அணைந்தால் யாரோ கட்டியிருக்கிறார்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். அணையாமல் எரிகிற விளக்கைவிட இது மோசம், ஏனென்றால் எரிகிற விளக்கு குறை இருப்பதையாவது சொல்கிறது. பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்தபடி ஹாரனை அழுத்துவேன், ஸ்கேனர் போடுவேன். ரெசிஸ்டரை ஸ்கேனரால் பிடிக்க முடியாது என்பதால் அதோடு விடுவதில்லை. கிளவ் பாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, பக்கத்து இருக்கைக்கான மஞ்சள் வயர் பையில்தான் போய் முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வேன்.